சிரிச்சாலும் சந்தேகம்

...சிரிக்கக்கூடாதாம் தம்பி! நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் தன் வீட்டுல நின்னு சிரிக்கக்கூடாதா? காலையில பசார்ல மீன் வாங்கிட்டு வந்தேன். கொஞ்சம் கூடுதலாத்தான் வாங்கிட்டேன், இல்லேங்கல. மீன்காரன் ஏதோ சொன்னான், அதையே நெனைச்சு நெனைச்சு சிரிச்சிட்டிருந்தேன். அவ்வளவுதான்! எங்க வீட்டுக்காரி ஹபீபா பீவி, அரிவாமனையில நறுக்குறத அப்படியே நிறுத்திட்டு ஒரு பார்வை பாத்தா பாருங்க... கப்பல்லேருந்து எறங்குறவன் பெட்டிய சுங்கத்துக்காரன் பாப்பானே, அந்தப் பார்வை!

கையத் தூக்குங்க, அளவு எடுக்கணும். ம்ம்... என்ன? கால்ல போடுற சிலுவாருக்கு எதுக்குக் கையத் தூக்கணுமா? சும்மா தூக்குங்க லா! ஜெயராஜ்னுதானே சொன்னீங்க? துறைமுக ஆபீசுல கணக்கெழுதுற கிராணி. கிராணின்னா ஒரு கோட்டு வேணாமா? வெறும் சிலுவாரோட போயி... சரி, சரி. சிலுவார் மட்டும். நான் சும்மா சொன்னேன்.

எதுல விட்டேன்? ஆங், பார்வை. பார்வையோட விட்டாளா? ராத்திரி தொழுகை முடிஞ்சதும் நேரா கடைக்குள்ள வருவா. மிசின் பெல்ட்டைக் கழட்டுவா. முந்தானையில சுருட்டிக்கிட்டுப் போயிருவா. பினாங்கு சூலியா தெருவுல நாகூர் மீரான் தையக்கடைன்னா தெரியாதவன் உண்டா? அந்த மீரானுக்கு அவன் மிசின் பெல்ட்டு கெடையாது! நேத்து கொஞ்சிக் கேட்டேன், 'ஒரே ஒரு கையி மூட்டிட்டுத் தந்திர்றேன் புள்ள'ன்னு. 'நாளைக்கு மூட்டலாம்'னா. சத்தம் போட்டேன். 'சத்தம் போட்டு முடிச்சிட்டுப் படுங்க'ன்னு பாயை விரிச்சு வச்சிட்டுப் போறா! இவள வச்சு எப்படித் தம்பி குடும்பம் நடத்துறது?

உங்களுக்கு அந்தக் கதை தெரியாதா? தெருவுக்கே தெரியுமே. ஒருசமயம் எனக்குத் தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. களைப்பும் இல்ல. தலைக்குள்ள ஒரு பாண்டு வாத்தியம்! பாக்குற மூஞ்சியெல்லாம் அழகாத் தெரியுது. மூலையில ரிக்‌ஷா இழுக்குற சீனங்க நிப்பாங்கல்ல, பாவம், கந்தல் சட்டை. இவங்க எல்லாருக்கும் செவப்பு வெல்வெட்டு காலர் வச்சு கோட்டு தைச்சுத் தரணும்னு தோணிச்சு. இனாமா! எனக்கே மேலேருந்து உத்தரவு வந்த மாதிரி இருந்திச்சு தம்பி. ஹபீபா வளையல் அம்புட்டும் வெல்வெட்டாப் போச்சு. நம்ம வெயில்ல வெல்வெட்டு காலரோட ரிக்‌ஷா இழுத்துப் பாருங்க! ஒருத்தன் மயக்கம் போட்டுட்டான். இன்னொருத்தன் கோட்டை மடிச்சு சீட்டுல மெத்தையாப் போட்டுட்டான். சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, சிரிப்புத்தான். அந்தக் கையோட அக்கரையில புக்கிட் மெர்தாஜாம் போயி, ஸ்டேசனுக்கு எதுத்தாப்ல இன்னொரு கடைக்கும் பேசி முடிச்சிட்டேன். 'வேணாங்க'ன்னு கையப் புடிச்சா ஹபீபா. நடுத்தெருவுல வச்சு அவளப் பேசக்கூடாத பேச்சுப் பேசிட்டேன். அதுக்கு மட்டும் சிரிக்காதீங்க.

அப்புறம் ஒருநாள் வாத்தியம் நின்னுபோச்சு. ஊசியில நூல் கோக்க முடியல தம்பி. கண்ணு தெரியாம இல்ல. கோத்துதான் என்ன ஆகப்போகுதுன்னு. துணி வெட்டுற மேசைக்கு அடியில போயி சுருண்டு படுத்துட்டேன். குளிக்கல. சோறு வச்சா சோத்தையே பாத்துட்டிருப்பேன். மலாய்க்காரங்க 'கீலா'ன்னாங்க, பைத்தியம்னு. நம்மாளுங்க ஜின்னு புடிச்சிருக்குன்னு தாயத்து கட்டுனாங்க. கட்டுனவரு போறப்ப, 'எந்திரிச்சதும் எனக்கு ஒரு ஜிப்பா தைச்சுக் குடு மீரான்'னுட்டுப் போறாரு!

எந்திரிச்சேன், ஒரு சாயங்காலம். நேரா படகுத்துறைக்குப் போயிட்டேன். தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. பின்னால வந்து நின்னா ஹபீபா. அழுவல. கத்தல. 'சோறு ஆறுது, வாங்க'ன்னா. அவ்வளவுதான். கையக்கூடப் புடிக்கல, பக்கத்துலயே நடந்து வந்தா. நானும் வந்துட்டேன்.

மறுநாளே யாழ்ப்பாணத்து டாக்டரு ஏரம்பமூர்த்திகிட்ட இழுத்துட்டுப் போனா. அவரு தாயத்தையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. 'மீரான், அந்தத் துள்ளலும் இந்தப் படுக்கையும் ஒரே வருத்தம்தான்'னாரு. வருத்தம்னா அவுக பேச்சுல வியாதி. 'உம்மில பிழையில்லை, பேயும் பிடிக்கேல்லை. இது போகும், திரும்பியும் வரும். நித்திரை குறைஞ்சா உடன வாரும்'னாரு. 'சந்தோசமா இருந்தாலுமா?'ன்னேன். 'அப்பதான் கட்டாயம் வரவேணும்'னாரு. என்ன அநியாயம் பாருங்க! சந்தோசத்தைக் காட்ட டாக்டருகிட்டப் போற ஆளு இந்த பினாங்குலயே நான் ஒருத்தன்தான்.

மருந்துத் தண்ணி குடுத்தாரு, குடிச்சேன். மெல்ல மெல்ல ஊசி கண்ணுல நூல் ஏறிச்சு. நல்லாத்தான் இருக்கேன். ஆனா மத்தவன் சிரிச்சா அது சிரிப்பு. நான் சிரிச்சா வீட்டுல அடுப்பை அணைச்சிட்டு வந்து பாக்குறா! சில நேரம் எனக்கே தெரியல தம்பி, சிரிக்கிறது நானா, அதுவான்னு.

என்ன? பெல்ட்டைக் கழட்டச் சொல்லி அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததா?

...நான்தான்.

ஆமா, நானேதான்! நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி எந்திரிச்ச ஒரு காலையில நானே அவளக் கூப்பிட்டு ஒக்கார வச்சுச் சொன்னேன். 'ஹபீபா, ராத்திரியானா பெல்ட்டைக் கழட்டிரு, நான் முழிச்சிருந்து தைக்கக்கூடாது. நான் கெஞ்சுனாலும் குடுக்காத. திட்டுனாலும் குடுக்காத. அன்னிக்கு நான் பேசுறத காதுலயே வாங்காத'ன்னு. பெரிய அறிவாளியாட்டம் சொல்லி வச்சேன், இப்ப மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். அவளாவது மறந்து தொலைக்கிறாளா? தொழுகைய மறந்தாலும் இத மறக்க மாட்டா!

சரி, நெஞ்சளவு ஆச்சு. உள்துணி பச்சைப் பட்டுல போடுவோம். கிராணி கோட்டுன்னா அப்படி இருக்கணும்! உங்க ஆபீசுல எல்லாருக்குமே போடுவோம். ஏன் ஆபீசோட நிறுத்தணும்? மூட்டை தூக்குறவங்க, தோணிக்காரங்க, துறைமுகம் பூராவுமே... என்ன தம்பி, பின்னாலயே போறீங்க? துணி பாத்துட்டுப் போங்க லா!

என்ன கேட்டீங்க?

நேத்து தூங்குனேனான்னா? என்ன கேள்வி இது, அவ சொல்லிக் குடுத்தாளா? தூங்காமயா? பாய்ல படுத்தேன். நல்லா... படுத்தேன்னேன்ல.

தூங்கல.

அதுக்கு மொத நாளு... இல்ல. அன்னிக்கும் இல்ல. கூரையப் பாத்துட்டே கோட்டு வெட்டிக்கிட்டிருந்தேன், மனசுக்குள்ள. நல்லா இருந்திச்சு தம்பி. ரொம்ப நல்லா இருந்திச்சு. அதான்...

இந்தாங்க, இந்த டேப்பைக் கையில வாங்கிக்குங்க. கடைக்குப் பின்னால சந்துல மொத வீடு. 'ஹபீபாக்கா'ன்னு கூப்பிடுங்க. 'அண்ணன் தூங்கலயாம், டாக்டருகிட்டப் போகணும்னு அவரே சொல்றாரு'ன்னு சொல்லுங்க. அவரே சொல்றாருன்னு சொல்லணும், அத விட்டுறாதீங்க. நான் இந்த முக்காலியில ஒக்காந்திருக்கேன், எங்கயும் போகல.

போங்க தம்பி, வெரசாப் போங்க. நீங்க கேட்டது இப்ப நல்லதாத்தான் படுது. இன்னும் செத்த நேரம் போச்சுன்னா, 'யார்றா நீ என்னையக் கேக்குறதுக்கு'ன்னு தோணிரும்.