குடலுக்குள் இருந்த சாட்சிகள்

"சாமை பலன் குடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க சார்?" என்று ஒரு நாள் தனசேகரனைக் கேட்டேன்.

"கட்டுரை எழுதி முடிச்சிட்டு பெங்களூருக்குக் கெளம்பிடுவேன். அங்க வேலை காத்துக்கினு இருக்கு."

"குடுக்கலன்னா?"

"மறுபடியும் மொதல்லேர்ந்துதான். இங்கியே கெடக்கணும் அமிர்தம்."

அன்று வெண்டைக்காய் நல்ல பிஞ்சாகக் கிடைத்தது. அந்தப் பேச்சு நினைவிருப்பது அதனால்தான். வேறு காரணம் இல்லை, ஐயா.

விசாரிக்க வந்த பேராசிரியர் நீங்கள். ஆய்வைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீடு. அங்கே தங்கியிருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு வெள்ளிமலைச் சாமை சமைத்துப் போட வேண்டும். மனையியல் படித்த எனக்குச் சமையல் பொறுப்பு. ரத்தத்தையும் மலத்தையும் பரிசோதிப்பது தனசேகரன். சாமையின் மாவுச்சத்து லேசில் செரிக்காதாம். பெருங்குடல்வரை போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகுமாம். அவை சுரக்கும் அமிலம் சர்க்கரையைக் குறைக்குமாம். சொந்தத் தங்கைகளுக்கு வரன் பார்க்கிறவர்போல அந்தக் கிருமிகளைப் பற்றி உருகி உருகிப் பேசுவார். என்னைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நான் இரக்கப்பட்டேன், அவ்வளவுதான். வயதானவர்களின் நாக்கு செத்துப்போயிருந்தது. சாமைக்குப் பதிலாகப் பொன்னி அரிசிச் சோறு போட்டேன். சாயங்காலம் பாயசம். "இன்னாம்மா அமிர்தம், வெல்லம் கம்மியாக்கீது?" என்று காசியம்மாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் வெல்லத்தைக் கூட்டினேன். ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை. சாமையைக் களமருதூரில் என் அண்ணன் வீட்டுக் கோழிகள் தின்றன. அவை ஆரோக்கியமாக இருக்கின்றன.

நோயாளிகளில் ஒருவரான பச்சமுத்துவின் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே சுமாரான விரல். ஆஸ்பத்திரிக்கு நானே பாயசம் கொண்டுபோனேன். "பெத்த பொண்ணுகூட இப்பிடிப் பாக்காதும்மா" என்று அழுதார்.

ரத்தம் எடுத்த ஒவ்வொரு முறையும் சர்க்கரை ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் தனசேகரன் தலையில் கைவைத்துக்கொண்டு தங்கினார். நான் மோர் கொடுத்து ஆறுதல் சொன்னேன்.

எல்லோர் வாயையும் பாயசத்தால் அடைத்த நான், குடலுக்குள் இருந்த சாட்சிகளை மறந்துவிட்டேன். சாமை தின்று பெருக வேண்டிய கிருமிகள் பெருகவே இல்லையாம். மலப் பரிசோதனை முடிவு கடைசியாகத்தான் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் நேராகச் சமையலறைக்கு வந்து அரிசி மூட்டையைத் திறந்தார்.

ஆம், நான்தான் செய்தேன். நோயாளிகள்மேல் இருந்த இரக்கத்தால் மட்டுமே செய்தேன்.

ஆய்வை மூடிவிட்டதாகச் சொல்கிறீர்கள். சேலம் பஸ் பிடிக்க அவரும் கிளம்பிவிட்டார். இதோ, பையோடு வாசலில் நிற்கிறார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"ஏன் அமிர்தம் இப்பிடிச் செஞ்சீங்க?" என்று கேட்கிறார்.

இரக்கத்தால் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், ஐயா.

"என்னையும் கூட்டிக்கினு போங்க சார்."