ஏறாத இரைச்சல்

தம்பி: இப்பவும் இருக்குக்கா. நல்லாவே கேக்குது.

அக்கா: இருக்கட்டும். காலை எடு. மறுபடி மெதுவா மிதி... ம். இன்ஜின் ஏற ஏற ஸ்பீக்கர்லயும் கூடவே ஏறுது பாரு. கொசு காதுகிட்ட வந்து போற மாதிரி.

தம்பி: அதத்தானே ஒரு வாரமா சொல்றேன்.

அக்கா: இந்தப் பாட்டு செட்டை மாட்டினது யாரு? ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் அக்கா வயரிங் பண்ணுவா. தன் காருக்கு மட்டும் துரையே பண்ணிக்குவாரு.

தம்பி: நீ அப்ப வேற வேலையில இருந்த. அதான்...

அக்கா: சரி சரி. பாட்டை சுத்தமா குறை. இப்ப?

தம்பி: பாட்டு இல்ல. இரைச்சல் மட்டும் இருக்கு.

அக்கா: அப்ப முன்னாடி இருக்கற செட்டுல கோளாறு இல்ல. அங்கேருந்து டிக்கியில இருக்கற ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் வர்ற வழியிலதான். காலைத் தூக்கு, கால்மிதி மேட்டைப் பிரிக்கறேன்... அடப்பாவி.

தம்பி: என்ன?

அக்கா: பேட்டரி வயரையும் பாட்டு வயரையும் சேத்து டேப் சுத்தி வச்சிருக்க. ஜடை பின்னின மாதிரி.

தம்பி: பாக்க நீட்டா இருக்கட்டும்னு...

அக்கா: இப்படி ஒட்டிக்கிட்டு வந்தா அதோட இரைச்சல் இதுல ஏறாம என்ன செய்யும்? கத்தரியைக் குடு. இதை அந்தப் பக்கமா கொண்டுபோறேன்... நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?

தம்பி: ஒம்பதுக்கு. முதல்ல மெடிக்கல் டெஸ்ட். அதுல தேறினாத்தான் ஸ்கூல் பஸ் சாவியைக் கையில தருவாங்களாம்.

அக்கா: அப்ப வீட்டுக்குப் போய் சட்டைய இஸ்திரி போடேன். இத அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

தம்பி: இல்லக்கா. இது எங்கேருந்து வருதுன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும். தெரியாம நான் அங்க போக மாட்டேன்.

அக்கா: உன் பிடிவாதம் இருக்கே... சரி, வயரைப் பிரிச்சாச்சு. மிதி... மிதிச்சியா?

தம்பி: மிதிச்சிட்டுத்தான் இருக்கேன். இருக்கு.

அக்கா: ஏறுதா?

தம்பி: ஏறல... ஒரே மட்டமா நிக்குது.

அக்கா: ம்.

தம்பி: உனக்குக் கேக்கலையா?

அக்கா: டிக்கிக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறேன், எனக்கென்ன கேக்கும். இரு, எர்த்தைப் பாக்கறேன்... பெயிண்ட் மேலயே போல்ட் போட்டிருக்க. சுரண்டி, வெறும் தகடுல போடணும்டா.

தம்பி: சுரண்டினா துரு பிடிக்குமேன்னு...

அக்கா: காருக்கு வலிக்குமேன்னு பாத்திருக்கான். சரி, சுரண்டிட்டேன். இறுக்கிட்டேன். இப்ப?

தம்பி: அதே.

அக்கா: இன்ஜினை ஆஃப் பண்ணு. சாவிய மட்டும் ஆன்ல வை.

தம்பி: பண்ணிட்டேன்.

அக்கா: இப்ப?

தம்பி: ...இருக்குக்கா.

அக்கா: குறைஞ்சுதா?

தம்பி: இல்ல. இப்பத்தான் இன்னும் தெளிவா இருக்கு.

அக்கா: எந்தப் பக்கம்?

தம்பி: இடது.

அக்கா: சரி... இடது ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டேன்.

தம்பி: இருக்கு. விட்டுடாதக்கா. தேடு.

அக்கா: விட்டுட்டேன்னு யாரு சொன்னா? அந்தக் கதவைத் திற. நானும் முன்னாடி வந்து உக்காரறேன்.

தம்பி: டிக்கியில வேலை முடிஞ்சுதா?

அக்கா: கையை நீட்டு.

தம்பி: என்ன இது... ஃபியூஸா?

அக்கா: ஆம்ப்ளிஃபையரோட ஃபியூஸ். நீ இன்ஜினை ஆஃப் பண்ணினதுமே பிடுங்கிட்டேன். ஸ்பீக்கர் வயரை நான் தொடவே இல்ல. அப்பலேருந்து எந்த ஸ்பீக்கருக்கும் எதுவும் போகல. வயரைப் பிரிச்சதுமே சரியாயிடுச்சுடா, ஏறற இரைச்சல் அதோட நின்னுடுச்சு. நீ இருக்குன்னு சொல்லிட்டே இருந்த, நானும் நோண்டிட்டே இருந்தேன்... காதுல இது எத்தனை நாளா?

தம்பி: ஆறு மாசம்.

அக்கா: செட்டு வாங்கியே பத்து நாள்தானே ஆச்சு?

தம்பி: அந்தச் சத்தத்தை அமுக்கத்தான் செட்டே வாங்கினேன். மாட்டினா, அதுலயும் இரைச்சல். அப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா... எல்லாம் கார்லேருந்துதான் வருதுன்னு நினைச்சுக்கிட்டேன். வேற கடைக்குப் போயிருந்தா சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பியிருப்பான். நீ கடைசி வரைக்கும் தேடுவ. அதான் உன்கிட்ட வந்தேன்.

அக்கா: நாளைக்கு காதையும் பாப்பாங்களே.

தம்பி: பாக்கட்டும். அவங்க மெஷினை வைக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். முடிவு பண்ணிட்டேன்.

அக்கா: சத்தம்தானடா. மருந்து இருக்கும். காது கேக்குதுல்ல, அது போதும்.

தம்பி: என்னக்கா சொன்ன? திரும்பிப் பாத்துச் சொல்லு... நீ இடது பக்கம் உக்காந்ததுலேருந்து பாதிய உன் வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன்.