பரீதா உம்மாவின் கால்

— இன்னும் கிட்டக் கொண்டு வாங்கோ உம்மா. போனைச் சரிக்காதேங்கோ. பெருவிரலுக்குக் கீழ என்ன கறுப்பாத் தெரியுது?

— மஞ்சள் காஞ்சிரிக்கி டொக்டர் மகன். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சிப் போட்டன். இப்ப நோவே இல்ல.

— நோவு இல்லையெண்டுறதுதான் எனக்குப் பயம். சீனி வருத்தத்தில கால் விறைச்சா, புண் ஆழமாப் போறதும் தெரியாது. ஏன் கிளினிக்குக்குப் போறேல்ல?

— நீங்க இரிக்கக்குள்ள ஒருநாளும் போகாம இரிந்தனா? நீங்க லண்டனுக்குப் போன பொறகும் போனன். மருந்து முடிஞ்சிட்டு, வெளிய வாங்குங்க எண்டாங்க. டவுன் ஆசுபத்திரில காலைக் காட்டச் சொன்னாங்க. கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில போய்க் காத்து நிண்டா, அண்டைக்கு இடியப்பம் அவிக்கிற ஆரு? ஒருநாள் விடிய நான் குடுக்காட்டி கடைக்காரன் வேற ஆள்ட எடுத்திருவான்.

— அப்ப சீனிக்குக் குடிக்கிற குளிசை?

— பாதி பாதியா உடைச்சிக் குடிச்சன், கொஞ்ச நாளைக்கு இழுக்கட்டும் எண்டு. இப்ப அதுவும் இல்ல.

— ஐயோ உம்மா!

— ஏசாதீங்க மகன். உங்கட முகத்தப் பாக்கத்தான் போனைத் தூக்கினன். மெலிஞ்சி போயிட்டீங்க. அங்க ஆரு சமைக்கிற?

— என்ர சமையலை விடுங்கோ. எனக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்த டொக்டர் லக்சனா உங்கட வீட்டுக்கு வந்தவவாம். நீங்கள் கதவே திறக்கேல்லையாம்.

— அந்தப் புள்ளயில எனக்கு ஒரு கோவமும் இல்ல.

— பிறகென்ன? டவுனுக்கு அனுப்பிப்போடுவா எண்டு பயமோ?

— பயம் இல்லாம? முன் வூட்டு முனீப் காலோட போனான், கால் இல்லாம வந்தான்.

— அவர் பிந்திப் போனவர் உம்மா. புண் எலும்புக்கு இறங்கினாப் பிறகு போனவர். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. இண்டைக்குப் போனா கால் தப்பும்.

— நீங்க ஒரு மருந்துட பேரைச் செல்லுங்க. கடையில வாங்கிக்கிறன். நீங்க செல்றதத்தான் நான் கேப்பன்.

— போனில பாத்து மருந்து சொல்ல ஏலாது.

— ஏன் ஏலா? நீங்க டொக்டர்தானே?

— உம்மா... இங்க நான் டொக்டர் இல்லை.

— என்ன செல்றீங்க?

— இங்கத்தைய பரீட்சை பாஸ் பண்ணோணும். அது முடியிற வரைக்கும் வயசான ஆக்களின்ர இல்லம் ஒண்டில வேலை. குளிப்பாட்டுறன், உடுப்பு மாத்துறன், வாயில சாப்பாடு தீத்துறன். அம்மாவுக்கும் இன்னும் சொல்லேல்ல. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுறன்.

— யா அல்லாஹ். எங்கட டொக்டர...

— அழாதேங்கோ உம்மா. வேலையில வெக்கம் இல்லை. ஆனா ஒருத்தரும் என்னட்ட, இங்க நோகுது, இதைப் பாருங்கோ எண்டு சொல்லுறேல்ல. அதைக் கேக்கத்தான் ஆசையாக் கிடக்கு. கிளினிக் வாசல்ல நீங்கள் எல்லாரும் ஒரேயடியாக் கத்துவியள். அண்டைக்குத் தலையிடிச்சது. இண்டைக்கு அதைக் கனவில கேக்கிறன்.

— நீங்க என்ட காலைத் தூக்கி உங்கட மடியில வச்சிக் கழுவின. பெத்த புள்ளகூடச் செய்யாத வேலை. நீங்க போன அண்டு நான் அடுப்பில உல வைக்கல்ல மகன். அதுதான் அந்தப் புள்ளக்கிக் கதவு திறக்கல்ல. நல்லாக் கதைக்குதாம், சிரிக்குதாம். கிட்ட வந்திரும். பொறகு அதுவும் போயிரும். திரும்பத் திரும்ப ஆக்களப் பழகிப் பழகிப் பறிகுடுக்க எனக்கு ஏலா.

— விளங்குது உம்மா. ஆனா என்னை நினைச்சுக்கொண்டு காலைப் பறிகுடுக்காதேங்கோ. என்னால அதைத் தாங்க ஏலாது. அவ இப்ப உங்கட படலைக்கு வெளியில நிக்கிறா. நான்தான் வரச்சொன்னனான்.

— இப்பயா? இந்த வெயில்லயா? அட, உள்ளுக்கு வரச்சொல்லுங்க! புள்ள, வாங்க, வாங்க. கதிரையில இரிங்க.

— இல்லையம்மா, நான் நிலத்தில இருக்கிறன். காலை இப்பிடி என்ர மடியில வையுங்கோ. இது தெரியுதே? தொடுறன்.

— தொடுறீங்களா?

— ஓம் அம்மா. அழுத்தித்தான் தொடுறன். ராகுலன் அண்ணா, ஓரம் சிவந்திருக்கு, மணமும் இருக்கு. ஆனா விரலில சூடு இருக்கு, ரத்தம் ஓடுது. இண்டைக்கே கொண்டு போவம். அம்மா, நானே உங்களோட ஆட்டோவில வாறன். ஆசுபத்திரி வாட்டில சொல்லி, மருந்து உள்ளுக்கையே எடுத்துத் தாறன். கடைக்காரரிட்டையும் போற வழியில கதைப்பம்.

— நீங்களே வருவீங்களா? அப்ப ஒண்டு கேக்கன், செல்லுங்க. நீங்களும் உட்டுட்டுப் போயிரமாட்டீங்கதானே?

— முதல்ல காலைப் பாப்பம் அம்மா. உடுத்திக்கொண்டு வாங்கோ.

— செரி. இந்தப் போனைப் புடிங்க. அபாயாவைப் போட்டுட்டு வாறன்.

— லக்சனா, உம்மா உள்ளுக்குப் போயிட்டாவோ?

— ஓம் அண்ணா.

— அவ கேட்டதுக்கு நீர் ஏன் மறுமொழி சொல்லேல்ல?

— என்னெண்டு சொல்லுறது? எனக்கும் விசா வந்திட்டுது. வாற மாசம் பயணம். அவவின்ர கண்ணைப் பாத்துப் பொய் சொல்ல வாய் வரேல்ல.

— ஐயோ லக்சனா... இப்பதானே அவ கதவைத் திறந்தவ. அவவுக்குத் தெரிஞ்சா ஆசுபத்திரிக்கு வரமாட்டா.

— தகரச் சுவர்தானே மகன், எல்லாம் கேட்டிச்சி. எழும்புங்க புள்ள, ஆட்டோவக் கூப்புடுங்க, நான் வாறன். போறதுக்கு முந்தி, உங்களுக்குப் பொறகு வாற டொக்டரக் கையில புடிச்சிக் கூட்டி வந்து என்ட வூட்டக் காட்டிட்டுப் போங்க.