அக்கா பேரில் ஒரு பாலிசி

— திரும்பவும் அதே பதில்தானா தம்பி?

— பெண்ணுன்னு போட்டா அதே பதில்தான்க்கா. பெண்களுக்குப் புராஸ்டேட்டுன்னு ஒரு உறுப்பே கிடையாது, அதுல எப்படிக் கேன்சர் வரும்னு கேக்கறாங்க.

— நல்லா இருக்கே கதை. நான் பெண்ணா மாற ஆபரேஷன் பண்ணினப்போ இதே கம்பெனிதானே பணம் கட்டுச்சு? அது ஒண்ணு உள்ளயே இருக்கும்னு அப்போ தெரியாதாமா?

— டாக்டருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியலை. நானும் இத்தனை வருஷமா பாலிசி விக்கறேன், இப்படி முட்டுச்சந்துல நின்னதில்லை.

— வேற கம்பெனி?

— ஏறாத படி இல்லை. நோய் வந்தப்புறம் யாரும் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. திருநங்கைங்க சிகிச்சைக்கும் தர்ற பாலிசின்னு அலைஞ்சு திரிஞ்சு இந்த ஒண்ணைத்தான் பிடிச்சேன்.

— அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறே? அன்னைக்கு அதைத் தூக்கிட்டு பார்லருக்கே ஓடி வந்தியே. நான் வாயில நூலோட புருவம் எடுத்துட்டு இருந்தேன். 'உறவு அக்கா, பாலினம் பெண்'னு சத்தமா படிச்சே. வந்தவங்களை அரைப் புருவத்தோட உக்கார வெச்சுட்டு அழுதேன்.

— அந்தம்மா திட்டினது இன்னும் காதுல இருக்கு.

— அதுவரைக்கும் நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை கண்ணு. 'இங்க பாருங்க', 'ஏங்க'ன்னு, வழி கேக்கற மாதிரி. அன்னைக்குத்தான் அக்கா ஆனேன்.

— அதுவே இப்போ குறுக்க நிக்குதே. ஆண்னு மாத்தினா உடனே பாஸ் ஆயிடும்க்கா. இனியும் தள்ளிப் போட்டா எலும்புக்குப் பரவிடும்னு டாக்டர் சொல்றார்.

— நேத்தே சொல்லிட்டேன். அது மட்டும் வேண்டாம்.

— ஒரு வார்த்தைக்காக உயிரை விடுவியா?

— அம்மா கடைசி வரைக்கும் அந்த வார்த்தையைத் தரலை. நீ ஒருத்தன்தான் தந்தே. தந்ததைத் திருப்பி வாங்கிக்காதே. செத்தாலும் உன் அக்காவாவே சாகறேன்.

— அப்படிப் பேசாதக்கா.

— ஆண்கள் வார்டு, ஏழாம் படுக்கை. யாருங்க அது?

— பாவம், நாம வந்ததுலேர்ந்து அந்த நர்சம்மா கத்திட்டு இருக்காங்க. எந்த மகராசனோ, கேன்டீன்ல உக்காந்து டீ குடிக்கறான் போல.

— அக்கா...

— நீ வா, வீட்டுக்குப் போலாம். மத்தியானம் பார்லர் திறக்கணும்.

— ஆண்கள் வார்டு ஏழு. உங்க அப்ரூவல் காலையிலயே வந்தாச்சு, ஆபரேஷனுக்கு டிரெஸ் மாத்தணும். கூட வந்தவங்களாவது இருக்கீங்களா?

— பாரேன், கூட வந்தவனும் வாயைத் திறக்கலை. டேய், நீ எதுக்கு இப்போ அழறே?

— எந்திரிக்கா. உன்னைத்தான் கூப்பிடறாங்க.