மிதவைச் சட்டையும் மேலாளரின் மனவலிமையும்

மனவலிமைக்கே மகுடம் சூட்டிய மாமனிதர், உயிர்காக்கும் மிதவைச் சட்டை நிறுவனத்தின் மேலாளர், விழாத் தலைவர் முத்துக்குமரன் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் வர்த்தகப் பெரியோர்களே! மின்விசிறி எட்டாத இடத்தில் வியர்வையோடு வீற்றிருக்கும் விற்பனைப் பிரதிநிதிகளே! திரேஸ்புரத்துத் தாய்மார்களே! கரையோரம் கயிறும் வலையும் விற்கும் பொன்னுதுரையின் வணக்கம்.

விற்பனைக்கு வேண்டியது எது? நல்ல சரக்கா? இல்லை! நாணயமா? இல்லவே இல்லை! மனவலிமை! தினமும் காலையில் வட்டமாக நின்று கைதட்டி, ‘என்னால் முடியும்’ என்று கத்தினால் தன்னம்பிக்கை வரும். தன்னம்பிக்கை வந்தால் ஈடுபாடு வரும். ஈடுபாடு வந்தால் விற்பனை வரும் என்கிறார் மேலாளர். மில்லர்புரத்து அலுவலகத்தில் அவர்கள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தூங்குவதே இல்லை.

அப்படிக் கத்திப் பழகிய தம்பி பாண்டித்துரை, விடியற்காலையில் சட்டை விற்கக் கரைக்குப் போனார். கடலுக்குப் புறப்படுகிறவர்களிடம் அபசகுனமாகப் பேசக்கூடாது என்பது நம்மூர்ப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் பயிற்சியில் வேறு மாதிரி அல்லவா சொல்லிக்கொடுத்தார்கள்!

மலர்ந்த முகத்தோடு கேட்டார்: “அண்ணாச்சி, இன்னைக்கு உங்க படகு கவுந்துட்டா என்ன செய்வீய?”

சிரிக்காதீர்கள். துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி ஓடிய வேகத்தில்தான் அவர் மனவலிமை முழுவதும் தெரிந்தது.

மறுநாள், படகுகள் கரை திரும்பும் நேரம் பார்த்துப் போனாள் அதே நிறுவனத்துப் பெண் இசக்கிசெல்வி. படகுக்காரர் கிருபாநிதிக்குக் கோபம் ஆறவில்லை. “ஏளா, நேத்து ஒருத்தன் எங்க படக வாயாலயே கவுத்துட்டுப் போனான். இன்னைக்கு நீயா? இது மெதக்கும்னா நீ போட்டுக் குதி, பாப்போம்!”

குதித்தாள்! சட்டையை மாட்டிக்கொண்டு துறையிலிருந்து குதித்தாள்! மிதந்தபடியே கேட்டாள்: “அண்ணாச்சி, எனக்கு நீச்சல் தெரியாது. மொதல்ல சட்டைய வாங்குதீயளா, என்னைத் தூக்குதீயளா?”

தூக்கினார்கள், வாங்கினார்கள். இன்று அந்தக் கரையில் மிதவைச் சட்டை இல்லாத படகே இல்லை.

அவளுக்கு நிறுவனம் தரும் பரிசு என்ன தெரியுமா? மாதிரிச் சட்டையை நனைத்தது குற்றம்! காலைக் கைதட்டலுக்கு வராதது குற்றம்! மனவலிமை போதாதாம், வேலைநீக்கமாம்! உத்தரவு மேலாளரின் பையில் இருக்கிறது. விழா முடிந்ததும் கொடுப்பாராம்.

யாரம்மா அங்கே, ‘அநியாயம்’ என்பது? பொறுங்கள், கேட்டுவிடுகிறேன்.

மேலாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்த நனைந்த சட்டையை இதோ கொண்டுவந்திருக்கிறேன். நாளைக் காலை இதைப் போட்டுக்கொண்டு அதே துறையில் நீங்கள் குதியுங்கள். குதித்துவிட்டு வந்து உத்தரவைக் கொடுங்கள். என்ன, நீச்சல் தெரியாதா? அவளுக்கும்தான் தெரியாது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி. மேலாளருக்குத் துண்டு நான் கொண்டுவருகிறேன். வணக்கம்!