ஒம்பது சனிக்கிழம

அதெல்லாம் பயப்படாதீகக்கா. மொத ரெண்டு நாளு புள்ள அழும், மூணாம் நாளு தன்னால அடங்கிரும். எம் மகளுக்கும் இதே கிளிப்புதான், இதே டாக்டருதான். மேலண்ணத்துல ஒட்டுறாப்ல ரோஸ் கலர்ல ஒரு தட்டு, முன்பல்லச் சுத்தி ஒரு கம்பி. உங்க மகளுக்கும் அதான சொல்லியிருக்காரு? அப்பறம் என்ன. கழட்டி மாட்டுறதுதான, பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் கெடையாது.

எந்த ஊருலருந்து வாரீக? ரெட்டியார்சத்திரமா. பஸ்ஸவிட்டு எறங்கி இம்புட்டுத் தூரம் வெயில்ல நடத்திக் கூட்டியாந்திருக்கீக, புள்ளைக்கு மொகமே வாடிப்போச்சு. ஓம் பேரு என்ன தாயி? ஜீவிதாவா. அந்தா டிவி ஓடுது பாரு, காத்தாடிக்கு அடியில போயி உக்காந்து பாரு. அம்மாவும் நானும் செத்த பேசிக்கிட்டு இருக்கோம்.

நான் சொல்றத மனசுல வச்சுக்குங்கக்கா. மாட்டுன அன்னிக்கி சோத்தக் கொழைய வடிச்சு, மோர ஊத்தி, கையால நல்லாப் பெசஞ்சு குடுங்க. வெஞ்சனம் கேட்டா உருளக்கெழங்க மசிச்சு வைங்க. முறுக்கு, கரும்பு, கொய்யாக்கா, இதெல்லாம் கண்ணுலயே காட்டப்படாது. திங்கும்போது கழட்டிரணும், தின்னு முடிச்சு வாயக் கொப்புளிச்சுட்டு மறுபடி மாட்டிரணும். கழட்டுனத சுடுதண்ணியில மட்டும் போட்டுராதீக, கோணிக்கிரும். கம்பி கன்னத்துல குத்துதுன்னா மெழுகு குடுப்பாரு, அத உருட்டி அந்த எடத்துல அப்பிவிட்டாப் போதும். ஒரு நா எங்க வீட்ல அது தீந்துபோச்சு. நான் கோயிலுக்கு வாங்கி வச்சிருந்த மெழுகுவத்தியக் கிள்ளி ஒட்டுனேன். அதுவும் கேக்கத்தான் செஞ்சுச்சு.

எச்சி வடியும். பேச்சுக் கொழறும். அதுக்கு வையக் கூடாது. எம் மக பேரு சகாயசெல்வி. கிளிப்பப் போட்ட அன்னிக்கி அவளுக்கு அவ பேரச் சொல்ல வரல. தகாயதெல்விங்குறா. நானும் அவுக அப்பாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளும் எங்களோட சேந்து சிரிச்சா. அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தோம்.

இப்பவா? உள்ளதான் இருக்கா, அந்தக் கதவுக்கு அந்தாண்ட. முன்பல்லு ஒண்ணு கருத்துப்போச்சுக்கா. கம்பிய அளவுக்கு மீறி முடுக்குனதுல பல்லுக்குள்ள இருக்குற உசுரு செத்துப்போச்சாம். இன்னிக்கித் தொளபோட்டு உள்ள சுத்தம் பண்றாரு. பக்கத்துல இன்னும் மூணு பல்லு லேசா ஆடுது. அது நிக்குமா போகுமான்னு இன்னிக்கித்தான் பாத்துச் சொல்லுவாரு. பதிமூணு வயசுக்கா. இது விழுந்தா மொளைக்கிற பல்லு இல்ல.

அய்யோ, எந்திரிக்காதீக, உக்காருங்க. நான் ஒருத்தி, உங்களப் பயமுறுத்தி விட்டுட்டேன். டாக்டரு மேல ஒரு தப்பும் கெடையாது. தங்கமான கையி. மாசத்துக்கு ஒருக்க மதுரயில இருந்து இதுக்குன்னே வாராரு, வந்தா ஒரு புள்ளைக்கு அர நிமிசம்தான், கம்பியில ஒரு பொட்டு முடுக்கி விட்டுட்டு அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிருவாரு. இது அவரு முடுக்குனது இல்ல. வீட்ல முடுக்குனது.

புள்ளைகதான, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்குதுகளா? என்னமோ போங்க.

எதாலயா? கொறட்டாலதான். எங்களுக்குப் பூட்டு வேலக்கா, நாகல்நகர்ல இருக்கோம். எங்க வீட்டுக்காரரு பட்டறைக்குப் போறாரு. நான் உள்ள போற ஸ்பிரிங்கு, லீவரு எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்தாந்து கோத்துக் குடுக்குறேன். எங்க வீட்ல கரண்டி கெடைக்காட்டியும் கொறடு கெடைக்கும். எனக்குக் கண்ண மூடிக்கிட்டே ஸ்பிரிங்க வளைக்க வரும். இந்தக் கம்பி கொஞ்சம் தளரணும், இந்தக் கம்பி இன்னும் இறுக்கமா இருக்கணும்னு வெரல வச்சாலே சொல்லிருவேன். பட்டறைக்காரரே கேப்பாரு, மேரி, ஓங் கையில என்ன தராசு வச்சிருக்கியான்னு. எம் முழுப் பேரு ஆனந்தமேரி.

என்னக்கா பாக்குறீக? பேசும்போது முந்தானைய வாய்க்கிட்டக் கொண்டு போறனா? அது பழக்கம். வேணும்னு செய்யல, கை தன்னால போகும். இந்தா பாருங்க, காட்டுறேன். எம் பல்லு எனக்கு முன்னாடி வீட்டுக்குள்ள போயிரும். பள்ளிக்கூடத்துல எனக்குத் தேங்காத்துருவின்னு பேரு. டீச்சரு மொதக்கொண்டு அப்படித்தான் கூப்புட்டாக. எங்க கல்யாணத்துல போட்டோக்காரரு, வாய மூடுங்கம்மா, வாய மூடுங்கம்மான்னு கத்துறாரு. மூடித்தான் இருக்கேன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? ஒதட்ட இழுத்துப் புடிச்சு நின்னு நின்னு தாடையே வலிச்சுப்போச்சு. அந்த ஆல்பத்த எங்க வீட்ல யாரும் எடுக்க விடமாட்டேன். பீரோவுக்கு அடியில கெடக்கு.

சகாயசெல்விக்குப் பால்பல்லு விழுந்து பெரிய பல்லு மொளைச்சப்ப எனக்குச் சோறு எறங்கல. என்னோடதேதான். அப்படியே. இருக்குற அழகயெல்லாம் விட்டுட்டு இதப்போயி எங்கிட்டருந்து எடுத்திருக்காளேன்னு அழுதேன். அவளுக்கு அது ஒண்ணும் பெருசாத் தெரியல. ஈன்னு சிரிச்சுக்கிட்டேதான் திரிவா. எனக்குத்தான் அவ சிரிக்கும்போதெல்லாம் யாராவது பாக்குறாகளான்னு கண்ணு போகும். இதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, வேற என்ன செய்ய.

எங்க கோயில்ல உறுதிபூசுதல்னு ஒண்ணு உண்டு. ஆயரு வந்து, பெரிய சாமியாரு, இந்த வயசுப் புள்ளைகளுக்கு நெத்தியில எண்ண பூசி ஆசீர்வாதம் பண்ணுவாரு. வெள்ளக் கவுனு, தலையில பூ, சொந்தக்காரங்க எல்லாரும் வருவாக. அன்னிக்கி எடுக்குற போட்டோதான் காலத்துக்கும் செவுத்துல தொங்கும். போன மே மாசம் வச்சிருந்தாக. கிளிப்பு போட்டது சனவரியில. டாக்டரு என்னன்னா ஒரு வருசம் ஆகும்மா, ஒண்ணர வருசம் ஆனாலும் ஆகும்மாங்குறாரு. அதுவரைக்கும் ஆயரு காத்துக்கிட்டு இருப்பாரா?

அப்பத்தான் டாக்டரு முடுக்குறத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கம்பி ரெண்டு பக்கமும் கொக்கி கெணக்கா வளஞ்சிருக்கும், அந்த வளைவ சின்னக் கொறட்டால ஒரு நசுக்கு. அவ்ளோதான். இம்புட்டுத்தானா, இதுக்கா மாசம் பூராக் காத்திருக்கோம்னு நெனச்சேன். நெனச்சேன்னா, மனசுல ஒரு பேச்சுக்குத்தான்.

வலியா? ஆமாக்கா, வலிச்சுச்சு. சனிக்கிழம முடுக்குனா புதன்கெழம வரைக்கும் தெறிக்கும். அப்பத்தான் அடங்குன மாதிரி இருக்கும், அதுக்குள்ள அடுத்த சனிக்கிழம வந்துரும். ஒரு பக்கமாவே தின்னுக்கிட்டு இருந்தா. இட்லியக்கூட கரைச்சுத்தான் குடிப்பா. வலிக்குதும்மா வலிக்குதும்மான்னு பின்னாடியே வருவா. டாக்டரு மொத நாளே சொன்னாருல்ல, வலிச்சாத்தான் பல்லு நகருதுன்னு அர்த்தம்னு. அதையே நானும் சொல்லுவேன். ரெண்டு நாளைக்குச் சொன்னத நான் ரெண்டு மாசத்துக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன். உப்புத்தண்ணி வச்சுக் குடுப்பேன், கடையில ஐஸ் வாங்கித் துணியில சுத்திக் குடுப்பேன், கிராம்புத் தைலம் தடவி விடுவேன். எல்லாம் செஞ்சேன்க்கா. அந்த ஒண்ணத் தவிர எல்லாம் செஞ்சேன்.

பள்ளிக்கூடத்துல போயி கழட்டி ஜாமெண்ட்ரி பாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. டீச்சரு சொல்லி விட்டாக. எனக்கு வந்துச்சே கோவம். ஒனக்காகத்தான்டி இந்தப் பாடுபடுறேன், எனக்கு யாரும் இப்படிச் செய்யல, நீயாவது நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து சிரிக்கணும்லன்னு கத்துனேன். அவ பாக்ஸத் தொறந்து கிளிப்ப எடுத்து மாட்டிக்கிட்டா. அன்னிக்கிருந்து வலிக்குதுன்னு சொல்றதயே விட்டுட்டா. நானும் பரவால்ல, பழகிருச்சுன்னு இருந்துட்டேன். புள்ள சொல்லாம இருந்தா வலி இல்லன்னு நெனச்சுக்கிட்டேன் பாருங்க, நானெல்லாம் ஒரு பொம்பள.

நடுவுல ரெண்டு மாசம் டாக்டருகிட்டயும் கூட்டியாரல. எதுக்குக் கூட்டியாரணும், அதான் வீட்லயே... விடுங்க.

மே மாசம் வந்துச்சு. பல்லு உள்ள போயிருச்சுதான். வரிசையா, சோளக்கதிரு மாதிரி. ஆனா ஒரு பல்லு மட்டும் மங்கலா, பழுப்பா இருக்கு. கறையின்னு நெனச்சு வேப்பங்குச்சியால தேயின்னு சொன்னேன். போட்டோ எடுக்கும்போது, சிரி பாப்பா, சிரி பாப்பாங்குறாரு. சிரிக்கவே இல்ல. இப்ப செவுத்துல தொங்குது. வெள்ளக் கவுனு போட்டுக்கிட்டு, ஒதட்ட இழுத்துப் புடிச்சுக்கிட்டு, அச்சா என்ன மாதிரியே நிக்குறா.

போன மாசம் பல்லு நல்லாக் கருத்த பெறகுதான் இங்க கூட்டியாந்தேன். டாக்டரு கிளிப்ப வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எங்க கொறட்டுக்கு வாயில பல்லு பல்லா இருக்கும், அந்தத் தடம் கம்பியில அப்படியே பதிஞ்சு கெடக்கு. யாரு இத முடுக்குனதுன்னு கேட்டாரு. சுத்தி ரெண்டு நர்சுப் புள்ளைக, அடுத்த ஆளு வேற உள்ள வந்து நிக்குறாக. அதுக்குள்ள இவ சொல்றா, நான்தான் சார், அப்பா கொறட்டால நான்தான் முடுக்குனேன்னு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமாக்கா? அவளப் போட்டு அடிச்சேன். அங்க வச்சு, அம்புட்டுப் பேரு முன்னாடி. ஒன்ன யாருடி அதத் தொடச் சொன்னா, ஒன்ன யாருடி தொடச் சொன்னான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். டாக்டரு ஓடியாந்து எங் கையப் புடிச்சாரு. சின்னப்புள்ளம்மா, தெரியாமச் செஞ்சிருச்சு, விடுங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்றாரு. தண்ணி குடுக்கச் சொன்னாரு, எனக்கு. நான் வாங்கிக் குடிச்சேன். அதனாலதான் இன்னிக்கி நீங்க வெளியவே இருங்கம்மான்னு உக்கார வச்சிட்டாரு.

ஆமாக்கா. நான்தான். அவளுக்குக் கொறட்ட ஒழுங்காப் புடிக்கவே தெரியாது.

இப்படி என்னப் பாக்காதீக. பாருங்க, பரவால்ல. நீங்க வழியில போறவுக, உங்ககிட்டச் சொல்ல முடியுது. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்டக்கூடச் சொல்லல, மத்ததெல்லாம் சொன்னேன், இத முழுங்கிட்டேன்.

இப்ப அந்த நர்சுப் புள்ள கையில ஒரு டப்பாவக் கொண்டு போச்சே, பாத்தீகளா? அது எம் மகளுக்குப் புதுக் கிளிப்பு. எத்தன தடவ முடுக்குனன்னு அவளக் கேட்டுட்டுத்தான் மாட்டுவேன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. ஒண்ணு ரெண்டு தடவன்னா மத்த பல்லுக்குப் பயமில்ல, இன்னிக்கே மாட்டிரலாமாம். அதுக்கு மேலன்னா ஆறு மாசத்துக்குப் பல்லுமேல கம்பியே படக்கூடாதாம், பட்டா அந்த மூணும் இதே மாதிரி போயிருமாம். காலையில தலை பின்னி விடும்போது அவ என்னையக் கேக்குறா, ஏம்மா, நான் ரெண்டுன்னு சொல்லட்டா, மூணுன்னு சொல்லட்டா, எது சொன்னா டாக்டரு நம்புவாருன்னு. நான் சடையப் பின்னிக்கிட்டே ரெண்டுன்னு சொல்லுன்னேன்.

ஒம்பது தடவக்கா. ஒம்பது சனிக்கிழம.

இந்தப் பைய செத்த பாத்துக்குங்க. நான் உள்ள போயிட்டு வாரேன்.