ஏழில் முடிந்த எண்

ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள் ஐயா, கழுத்துப் பிடித்துக்கொள்ளும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினால்தான் கைநாட்டு வைப்பேன். படித்தவர்களிடம் நான் ஜாக்கிரதை.

மர அறுப்பு மில்லில் வேலை பார்த்தவன் நான். அறுபடாத மரம் என்று ஒன்றை என் ஆயுசில் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒருநாள் கரிக்கட்டியை எடுத்து வீட்டுச் சுவரில் ஒரு எண்ணை எழுத ஆரம்பித்தார். அது கூடத்தைச் சுற்றி, நிலைப்படியைத் தாண்டி, அடுப்புக்கு மேலே போய் ஏழில் முடிந்தது.

“இது பகா எண் மாமா. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுந்தான் வகுபடும். திருப்பிப் படிச்சாலும் பகா எண்தான்” என்றார்.

வேறு ஒன்றாலும் ஆகாது, தன்னாலேதான் வகுபடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆகிறபோது ஆகட்டும் என்று எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தேன். ஒரு கீறல் விழவில்லை.

அது கிடக்கட்டும். என் மகள் வாடிப்போனாள்.

“காய்ச்சல்னு சொன்னேன்ப்பா. எவ்ளோன்னு கேட்டாரு. நூத்தியொண்ணுன்னேன். ‘அட, அதுவும் பகா எண்ணு’ன்னு பூரிச்சுப்போயிட்டாரு.”

பெற்ற மனம் பொறுக்குமா? எண்ணின் கடைசியில் இருந்த ஏழை அழித்துவிட்டு எட்டுப் போட்டேன். இரட்டைப்படை என்றால் இரண்டாகப் பிளக்கும், அது எனக்கே தெரியும். மாப்பிள்ளை சிரித்தார். “இது வேற நம்பர் மாமா. என் நம்பருக்கு ஒண்ணும் ஆகல.”

சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அதற்கும் சிரிப்புதான். “செவுத்துல இல்லாட்டி என்ன? இங்க பத்திரமா இருக்கு” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

இடத்தைக் காட்டியது அவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் கடைக்குப் போயிருந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முழித்திருக்கும்போது ரம்பம் வைக்க நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. முதலில் கட்டையால் ஓங்கி ஒரு அடி. மூச்சு நின்றதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் ரம்பம். வாத்தியாராயிற்றே என்று நூல் பிடித்து, கோணாமல் அறுத்தேன். உள்ளே நன்றாகத் தேடினேன். ஏழும் இல்லை, எட்டும் இல்லை. மனுஷர் வாய் கூசாமல் புளுகியிருக்கிறார்.

ஆமாம் ஐயா, கொன்றது நான்தான். யாரும் துணைக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைக் கிடத்தியிருக்கிற அறைக்குள் போகமாட்டேன் என்று மகள் வாசலிலேயே நிற்கிறாளாம். நீங்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். எவ்வளவு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாவம். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து மனசில் இருப்பதையெல்லாம் பேசட்டும். நடுவில் எழுந்து போகமாட்டார்.